ஒன்றரை அடி

வேலி வைக்கும் முன் கண்ணை அளக்க வேண்டும்.
அந்த வீட்டு அம்மாள் மாலையில் தேநீர் குடிக்கும் இடத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன்.
ஷொஃபிக்குல் ஏணியில் ஏறி
பக்கத்து வீட்டு மாடி ஆனான்.
மூங்கிலில் சாக்கைக் கட்டி
சுவரோரம் தூக்கிப் பிடித்தான் தில் பகதூர்.

தெரியுதா?
முழுசா தெரியுது.
தூக்கு. இப்போ?
இடுப்புக்கு மேலே.
தூக்கு.
வழுக்கை மட்டும்.
இன்னும் ஒரு சாண்.
இப்போ நீ இல்லை.

இல்லாமல் போன உயரத்தை
மூங்கிலில் கத்தியால் கீறி வைத்தேன்.
எட்டடி நாலு அங்குலம்.

தமாஸ் போடு, ஆறு மாதத்தில் வானம் என்றார் அபூ சுஹைல்.
வானம் வரும் முதலாளி, பிறகு வேரும் வரும்.
சீப்பில் ஒரு வீட்டுச் சாக்கடைக் குழாயிலிருந்து
நான்கு மீட்டர் தமாஸ் வேரை
ஈரக் கூந்தல் மாதிரி உருவி எடுத்தவன் நான்.
அரளி?
உங்கள் ஆடு தின்னும், ஆட்டை நீங்கள் தின்பீர்கள்.
காகிதப்பூ?
பாதி பூ நீச்சல் குளத்தில் கிடக்கும்.

மோட்டார் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
பர்க்காவில் கிணறுகள் கடலோடு பேச்சுவார்த்தையில் இருக்கின்றன.
இந்த உப்பைக் குடித்துவிட்டுச் சிரிக்கிற செடி ஒன்றுதான்:
நர்சரிக்காரன் யாஸ்மின் ஸஃபர் என்பான், கவிச்சி மல்லிகை.
நான் சங்கங்குப்பி என்பேன்.
இரண்டுக்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அக்டோபர் கடைசியில் வாய்க்கால் வெட்டினோம்.
ஆட்டு எரு, ஆற்று மணல், இரண்டு வரிசை,
பல் வரிசை போலல்ல, ஜிப் போல, மாற்றி மாற்றி.
வளர்ந்து முழங்கால் தொட்டதும் உச்சியைக் கிள்ளினேன்.
உயரத்துக்குத்தானே காசு கொடுத்தேன் என்று கத்தினார்.
கிள்ளினால்தான் அடி அடைக்கும், முதலாளி.
கால் தெரிகிற வேலி என்ன வேலி.

சுவரை ஒட்டி நடக்கூடாது.
பின்பக்கம் கத்தரிக்க ஆள் நுழையணும்.
ஒன்றரை அடி விட்டேன்.

எங்கள் அறையில் எட்டுப் பேர்.
என் கட்டிலுக்குத் திரை உண்டு, பழைய கைலி.
குரலுக்குத் திரை கிடையாது.
எனவே சகாயமேரியுடன் பத்து வருடமாக
அரிசி விலை பேசினேன், ஃபீஸ் பேசினேன்,
சரி வைக்கிறேன் என்று வைத்தேன்.

இரண்டாம் வருடம், வேலி மூங்கில் கீறலைத் தொட்ட மாதம்,
கத்தரிக்கோலோடு உள்ளே பக்கவாட்டில் நுழைந்திருந்தபோது
போன் அடித்தது.
பக்கத்தில் யாரும் இருக்காங்களா என்றாள்.
முதுகில் சுடுசுவர். மார்பில் இலை.
யாரும் இல்லை என்றேன்,
அன்றைக்கு அது உண்மையாக இருந்தது.
கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள் என்றாள்.
அதற்குப் பிறகு இருவரும்
நாற்பது நிமிடம் பேசினோம்; அதில் பாதி பேசவில்லை.
வெளியே ஷொஃபிக்குல் என் பெயரைச் சொல்லித் தேடினான்.
எட்டடி நாலு அங்குலம்.
நான் இல்லை.

இப்போதெல்லாம் புது வீடுகளில் இரண்டடி விடச் சொல்கிறேன்.
ஏன் என்று கேட்டால்
வேர் மூச்சு விட என்பேன். நம்புகிறார்கள்.

போன வாரம் அபூ சுஹைல் வீட்டில்,
சமையலறைக் கதவுக்கு நேர் பின்னே, அந்த இடுக்கில்,
குப்புறக் கவிழ்த்த பெயின்ட் வாளி ஒன்று.
மேலே நாலாக மடித்த துண்டு.
என்னுடையதல்ல.
யாருடையது என்று இலைகள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மேலாகக் கத்தரித்தேன்.
வாளியை நகர்த்தவில்லை.
அதன் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மட்டும்
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.